நடக்கவே நடக்காது

ஒரு கோடை விடுமுறையில் பொழுதுபோகாமல் தனிஸ்லாஸ் ஒரு குட்டிக் கணினிமொழி செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டான். பத்தே வருடத்தில் செயற்கை இதயங்களெல்லாம் அதில்தான் ஓடின. மனைவி ரெஜினாவுக்குப் பொருத்தியதும் அப்படியொன்றுதான்.

இன்று காலை அவள் மயங்கி விழுந்தாள். அவசர சிகிச்சை அறை வாசலில் நகத்தைக் கடித்தபடி நின்றவனின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"சார், ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறோம். ஒரு பேஷண்டோட இதயம் நின்னு நின்னு ஓடுது. திரையில, 'இது நடக்கவே நடக்காது. நடந்தா எனக்குப் போன் போடுங்க'ன்னு உங்க நம்பர் வருது. என்ன செய்யணும், சீக்கிரம் சொல்லுங்க சார்!"

அதே குரல் கதவுக்குள்ளிருந்தும் கேட்டது.

அந்த மொழியைச் செய்தபோது, என்ன செய்வதென்று தனக்கே தெரியாத இடத்தில்தான் அவன் அந்த வரியை எழுதிவைத்திருந்தான்.