பன்னிரண்டு ‘பி’ வாசலில்

“டீச்சர், கொஞ்சம் விலகி நில்லுங்க. நாங்க உள்ள போகணும்.”

பன்னிரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் வாசலில் நின்ற ஏட்டு மூக்காண்டியின் கையில் லத்தி இருந்தது. அவருக்குப் பின்னால் இளம் காவலர் சுந்தரராஜ். புது இன்ஸ்பெக்டரோடு சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்தவர்.

ஜெயசித்ரா டீச்சர் விலகவில்லை. “பாடம் நடக்குது ஏட்டையா,” என்றாள்.

தலைமையாசிரியர் தில்லைநாயகம் வராந்தாவில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். பதவி உயர்வில் இந்தப் பள்ளிக்கு வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு வம்பு.

முந்தின நாள் சாயங்காலம் கரிவலம் பஸ், பிள்ளைகளை ஏற்றாமலே போயிருக்கிறது. யாரோ கல்லை எடுத்து எறிய, பின்கண்ணாடி நொறுங்கிவிட்டது. டிரைவர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். “கிளாஸ்ல வச்சே நாலு சாத்து சாத்தினா எவன்னு தெரிஞ்சிரும் சார். ஆள் அனுப்புறேன்,” என்று இன்ஸ்பெக்டர் காலையில் போனில் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல தில்லைநாயகத்துக்கு வாய் வரவில்லை.

“பயலுகளை மட்டும் எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க,” என்றார் மூக்காண்டி. “எறிஞ்சவன் யாருன்னு தெரிஞ்சதும் போயிருதோம்.”

“எப்படித் தெரிஞ்சுக்கிடுவீங்க, அடிச்சா?”

“எனக்கு உத்தரவு, டீச்சர்.”

“அப்போ அதை எழுத்துல வாங்கிட்டு வாங்க. படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

தில்லைநாயகத்தால் நம்ப முடியவில்லை. லீவு கேட்க வந்தால்கூட அறை வாசலில் நின்று தயங்கித் தயங்கிப் பேசுகிற பெண் இவள்.

சுந்தரராஜ் பொறுமை இழந்தார். “என்ன அண்ணாச்சி, இவங்ககிட்டப் போய்ப் பேசிக்கிட்டு. ஒதுக்கிட்டு உள்ள போங்க.”

“ஏலே, பொறுலே. பொம்பளை டீச்சர் மேல கை பட்டுச்சுன்னா நாளைக்கு நம்ம ரெண்டு பேரு படமும் பேப்பர்ல வந்துரும்,” என்று அவரைக் கையால் மறித்த மூக்காண்டி, டீச்சரிடம் குரலை உயர்த்தினார். “அரசு ஊழியரை வேலை செய்யவிடாமத் தடுக்குதீங்க. கேஸ் போட்டா உங்க வேலை என்னாகும், தெரியும்லா?”

“போடுங்க. நானும் அரசு ஊழியர்தான். என் வேலை இந்த ரூமுக்குள்ள இருக்கு.”

“ஹெச்.எம். சாரையே கேட்ருவோம்,” என்று சுந்தரராஜ் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். உள்ள போகலாமா, கூடாதா?”

ஜன்னல் வழியே வகுப்பு தெரிந்தது. முதல் பெஞ்சுப் பையன் பேனா மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தான். அது பொருந்தவே இல்லை. தில்லைநாயகம் முன்பு வேலை பார்த்த ஊரிலும் இப்படி ஒரு முறை போலீஸ் வகுப்புக்குள் வந்திருக்கிறது. அன்று அடி வாங்கிய பையன் அதன்பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. தப்பு அவன் செய்யவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவர் நடந்து போய் ஜெயசித்ராவின் பக்கத்தில் நின்றுகொண்டார். வாசலில் மிச்சமிருந்த இடமும் அடைபட்டது.

“கூடாது சார். விசாரிக்கணும்னா என் ரூமுக்கு வாங்க. பெத்தவங்க கூட இருக்கணும். லத்தி ஆகாது. கேஸ் போடுததா இருந்தா என் பேரை முதல்ல எழுதிக்கோங்க.”

மூக்காண்டி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு லத்தியைக் கக்கத்தில் இடுக்கினார். “வாலே, போவோம். இங்கன நடந்ததை இன்ஸ்பெக்டர்கிட்ட நீயே சொல்லு.”

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டு அடங்கியது. மாணவிகள் பக்கமிருந்து சங்கரகோமதி மெல்ல எழுந்தாள்.

“டீச்சர், கல்லெறிஞ்சது நான்தான். தெனமும் நிப்பாட்டாமலே போறாங்க. கோவத்துல எறிஞ்சுட்டேன். என்னால பயலுகல்லாம் அடி வாங்கப் பாத்தாங்களே.” அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அழாதே,” என்றார் தில்லைநாயகம். “நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. சேர்ந்தே டெப்போவுக்குப் போவோம். செஞ்சது தப்புன்னு நீ சொல்லு. பஸ் ஏன் நிக்கலைன்னு நான் கேக்கேன்.”

மதியம் அவருக்குச் சாப்பாடு ருசித்தது. இத்தனை வருஷ வேலையில் இப்படி மனசு நிறைந்து சாப்பிட்டதாக நினைவில்லை. ஜெயசித்ரா மட்டும் அப்படி நிற்காவிட்டால் தனக்கு எங்கே தைரியம் வந்திருக்கும்? நேரில் பாராட்டிவிட வேண்டும் என்று ஆசிரியர் அறைக்குப் போனார்.

அங்கே ஜெயசித்ரா தனியாக, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்ஸ்பெக்டர் ரொம்ப ஏசிட்டாரா மாமா? நான்தான் கொஞ்சம் கூடுதலாப் பேசிட்டனோன்னு பயந்தேன்... ஆமா, ‘என்ன ஆனாலும் என்னை மட்டும் உள்ள விட்டுராதே மருமகளே’ன்னு காலையில அடுப்படில வந்து நின்னு கெஞ்சினது நீங்கதானே ஏட்டையா?” என்று சிரித்தவள், சற்றுக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஐயோ இல்ல மாமா, ஹெச்.எம். சார்கிட்ட நான் ஒண்ணுமே சொல்லி வைக்கலை. அவரு நிஜமாவே வந்து நின்னாரு.”