கேட்டுக்குப் போட்ட பூட்டு

"பூட்டு போட்டாச்சு. இந்த வருஷம் எவன் மேளம் அடிச்சுக்கிட்டு உள்ளே வரான்னு பார்க்கிறேன்!"

சௌந்தரவல்லி நகரின் பின்பக்க கேட்டுச் சாவியை ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டாள். ஊரப்பாக்கத்துக்குக் கிழக்கே புதிதாக முளைத்த அருள்ஜோதி நகருக்கு அவள்தான் சங்கச் செயலாளர். நகரின் கோடி வீடும் அவளுடையதுதான்.

அந்த வீட்டுப் பின்சுவரை ஒட்டி இரண்டு பழைய கல்தூண்கள். வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தால் போதும், கீழத்தெரு ஜனங்கள் மேளதாளத்தோடு வந்துவிடுவார்கள். கல்லுக்கு மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அன்று முழுக்க அங்கேயே பழியாய்க் கிடப்பார்கள். அவர்கள் போன பிறகு எட்டிப் பார்த்தால் சுவரோரம் ஒரே சேறு. நாற்றம் குடலைப் பிடுங்கும்.

கேட்டுக்கு வெளியே கீழத்தெரு ராஜேந்திரன் நின்றான். கூடவே அவன் மனைவி காசியம்மாள், தாம்பாளத்தோடு. பின்னால் மண்வெட்டியும் கூடையுமாகக் கீழத்தெரு ஆட்கள்.

"யக்கா, மானம் இருட்டிக்கினு வருது. தொறந்து வுடுக்கா. படையல் போட்டுட்டுப் போய்க்கினே இருப்போம்."

"இது பட்டா மனைப்பா. இங்கே கோயில் இருந்துச்சுன்னு ஆதாரம் இருக்கா?"

"ஆதாரத்துக்கு நாங்க எங்கக்கா போவோம்?"

"நீ போகவேண்டாம். நானே போறேன். அங்கே கோயிலும் இல்லை, குளமும் இல்லைன்னு எழுத்தோட கொண்டுவரேன். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூடாது!"

சொன்ன சூட்டோடு செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினாள்.

நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கென்றே தனியாக ஓர் அலமாரி இருந்தது. நூலகர் ஷபானா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"நாம நினைக்கிற பதிலை இந்த அலமாரி சொல்லாதுங்க. அதுக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லும். பரவாயில்லையா?"

"தாராளமா!"

துணி ஒட்டிய பழைய வரைபடம் ஒன்று மேஜை முழுக்க விரிந்தது.

"இதோ தண்டவாளம். இங்கேருந்து கிழக்கே வாங்க. உங்க நகர் எங்கே?"

சௌந்தரவல்லியின் விரல் நகர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"இங்கே. ஆனா, என்னங்க இது? ஒரே நீலமா இருக்கு?"

"ஏரிங்க."

அவளுக்குப் புல்லரித்துவிட்டது. அவள் விளக்கேற்றும் பூஜை அறை, சங்கக் கூட்டம் நடக்கும் மொட்டை மாடி, பிள்ளைகள் ஊஞ்சலாடும் பார்க், எல்லாமே அந்த நீலத்துக்குள்! விரால் மீன் துள்ளிய இடத்தில் இன்றைக்கு வாஷிங் மிஷின் ஓடுகிறது. எவ்வளவு பெரிய ஏரி! கடல் மாதிரி கிடந்த ஒன்றின் அடிவயிற்றிலா இத்தனை நாளும் குடியிருக்கிறோம்?

"அம்மாடி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நீலத்தின் விளிம்பில், சரியாக அவள் வீட்டுப் பின்சுவர் வரவேண்டிய இடத்தில், சின்னதாக இரண்டு கோடுகள். அங்கிருந்து வயல்களுக்கு ஒரு வாய்க்கால் இறங்கியது.

"இது மதகு. ஏரித் தண்ணி வெளியே போற வாசல்" என்ற ஷபானா, அலமாரியிலிருந்து ஒரு பழைய ஊர் வரலாற்றை எடுத்து வந்து படித்தாள். "'ஐப்பசியில் கீழத்தெருவார் படையலிட்டு, மதகில் இறங்கித் தூர் எடுத்துத் தண்ணீருக்கு வழிவிடுவது வழக்கம்.' இப்பவும் செய்யறாங்களா என்ன?"

சௌந்தரவல்லிக்கு அந்தச் சுவரோரச் சேறு ஞாபகத்துக்கு வந்தது. 'எங்க நகர்ல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது, லேஅவுட் அப்படி!' என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டவள் அவள்.

ஜன்னலுக்கு வெளியே சோவென்று மழை பிடித்தது. சாவி அவள் பையில் இருந்தது.

அடித்துப் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது, கேட்டுக்கு உள்ளே கணுக்கால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. கீழத்தெருக்காரர்கள் போகவில்லை. அங்கேயே நனைந்துகொண்டு நின்றார்கள்.

பூட்டைத் திறந்தாள். காசியம்மாள் முந்தானையால் மறைத்துக் கற்பூரம் ஏற்றினாள். ராஜேந்திரனும் மற்றவர்களும் கல்தூண்களுக்கு நடுவே மார்பளவு சேற்றில் இறங்கினார்கள். கூடை கூடையாகச் சேறும் பிளாஸ்டிக் குப்பையும் மேலே வந்தன. குப்பை முழுக்க அருள்ஜோதி நகருடையதுதான்.

திடீரென்று பூமிக்கடியில் குபுகுபுவென்று ஒரு சத்தம். தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் அந்த வாசலை நோக்கி நகர ஆரம்பித்தது. சௌந்தரவல்லி தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் அந்த வாய்க்கால் ஞாபகத்துக்கு வந்தது.

"காசியம்மா, இந்தத் தண்ணி எங்கே போகும்? அந்தக் காலத்துல வயலுக்குப் போச்சாமே?"

"வயலுதான் மனையாப் பூட்சே. இப்ப எங்க தெருவுக்குத்தான் வரும்."

"வீட்டுக்குள்ளேயா?"

"பின்ன? சாமானெல்லாம் பரண் மேல ஏத்திட்டுத்தான் வந்துகீறோம்."

சௌந்தரவல்லி திகைத்துப்போனாள். "அப்புறம் எதுக்கும்மா திறந்து விடறீங்க? அப்படியே விட்டிருந்தா உங்க தெரு காய்ஞ்சு கிடந்திருக்குமே!"

காசியம்மாள் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு, இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள்.

"இன்னாக்கா நீ! உங்களுக்குக் கழுத்து வரைக்கும் வந்துரும். எங்களுக்கு முழங்காலோட பூடும்."