சரியாக ஒரு லிட்டர்

அவள் சொம்பைத் திருப்பி அடியைப் பார்த்தாள். மாமியாரின் பெயர் வெட்டியிருந்தது. அளவு எதுவும் இல்லை.

குடத்திலும் இல்லை. டம்ளரிலும் இல்லை. இத்தனை வருடமாக இந்தப் பாத்திரங்களில்தான் சோறும் குழம்பும் ஆகிக்கொண்டிருந்தன. அளவை யார் கேட்டார்கள்?

இப்போது வேண்டும்.

பாப்பா பாயில் துவண்டு கிடந்தாள். பதினோரு மாதக் குழந்தை. விடிந்ததிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. தாய்ப்பாலும் தங்கவில்லை. அழுதால் கண்ணீர் வரவில்லை. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

கொள்ளிடத்தில் வெள்ளம் ஏறி, ஆற்றோரப் படுகைக்கு வரும் பாதையை முழுங்கிவிட்டது. சாயங்காலம்தான் படகு.

கையில் ஒரே ஒரு உப்புக் கரைசல் பாக்கெட். போன தடவை வந்தபோது நர்சம்மா கொடுத்துவிட்டுப் போனது. சற்று முன் போனில் அவர் சொன்னது காதிலேயே நின்றது.

"சரியா ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும்மா. குத்துமதிப்பா ஊத்திடாத. கொறைஞ்சா பிள்ளைக்கு உப்பு ஏறிடும், கூடுனா மருந்து கேக்காது. ஒண்ணுக்குப் போயிட்டான்னா பயமில்ல. போகலன்னா உடனே சொல்லு, எப்படியாவது ஆள அனுப்புறேன்."

வீட்டில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கத்தான் செய்தது. அதில் வாழைக்கு அடிக்கும் பூச்சி மருந்து. அதை அவள் தொடக்கூட மாட்டாள்.

காய்ச்சிய தண்ணீர் ஆறிவிட்டது.

அவள் புருஷன் கலியமூர்த்தி வாசற்படியில் நின்று ஆற்றை முறைத்துக்கொண்டிருந்தான். முறைத்தால் வடிந்துவிடுமா என்ன?

அவளுக்கு ஒன்று தெரியும். தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் பாப்பாவின் தலையில் கை வைத்து, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தது ஆடியில். அவள் அதைப் பார்த்தது ஐப்பசியில். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். நிதானமாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"விறகுக்குப் பின்னாடி இருக்குறத எடுத்துட்டு வாங்க."

அவன் திரும்பினான். எது என்று கேட்கவில்லை.

"அதுலதான் எத்தன மில்லின்னு போட்டிருக்கும்" என்றாள்.

மழையில் இறங்கிப் போனான். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தான். ஒரு பீர் பாட்டில், ஒரு குவார்ட்டர் பாட்டில். இரண்டும் காலி. இரண்டையும் சட்டைக்குள் மறைத்துத்தான் கொண்டுவந்தான். யாரிடமிருந்து மறைக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

"என் பொய்ச் சத்தியந்தான் பிள்ளையப் புடிச்சிருச்சு."

அந்த நினைப்பு காலையிலேயே அவள் மனதிலும் வந்து போயிருந்தது. நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"கழுவுங்க" என்றாள்.

வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கழுவினான். அவள் மோந்து பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். மறுபடி கழுவினான். மறுபடி மோந்து பார்த்தாள். வாடை முழுக்கப் போகும்வரை விடவில்லை.

பெரியதில் அறுநூற்றைம்பது என்று இருந்தது. சின்னதில் நூற்றெண்பது.

தரையில் விரலால் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். பெரியது ஒன்று, சின்னது இரண்டு. ஆயிரத்துப் பத்து.

பத்து மில்லி கூடுகிறது.

சளி மருந்தோடு வந்த பிளாஸ்டிக் கரண்டி அலமாரியில் கிடந்தது. அதில் அஞ்சு என்று போட்டிருந்தது. இரண்டு கரண்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது கணக்கு.

பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்குக்கும் அவள் இப்படி நிம்மதியாக மூச்சு விட்டதில்லை.

பெரிய பாட்டிலை வாய்வரை நிரப்பப் போனாள். அவன் கை குறுக்கே வந்தது.

"விளிம்பு வரைக்கும் ஊத்தாத. இங்கதான் நிக்கும்."

பாட்டிலின் கழுத்தில் ஒரு இடத்தில் நகத்தை வைத்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான். நகம் மட்டும் அசையவில்லை.

வெட்கக்கேடுதான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவனைவிட விவரமானவன் படுகையில் கிடையாது. நகம் இருந்த மட்டத்தில் ஊற்றுவதை நிறுத்தினாள். சின்ன பாட்டிலுக்கும் அவனே இடம் காட்டினான்.

அளந்ததையெல்லாம் ஒரு பாத்திரத்தில் சேர்த்து, இரண்டு கரண்டி எடுத்துக் கொட்டினாள். பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுக் கரைத்தாள்.

முதல் கரண்டியைப் பாப்பா துப்பினாள். அடுத்ததை வாந்தி எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தார்கள். ஒரு சொட்டு உள்ளே போனது. பிறகு ஒரு கரண்டி. பிறகு இன்னொன்று. அவன் மடியில் வைத்துக்கொள்ள, அவள் ஊட்டினாள். மதியம் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

மழை விட்டிருந்தது. அதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.

திடீரென்று அவன் விறைத்து உட்கார்ந்தான்.

அவள் பதறிப்போய்க் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். முகம் நன்றாகத்தான் இருந்தது. அவன் கண்ணால் கீழே காட்டினான். கைலியில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வயிற்றால் போகவில்லை. வெறும் மூத்திரம்தான்.

"அசையாதீங்க" என்றாள். "இன்னும் போறா."

அவன் அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை.

"எத்தன மில்லி இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டான். கேலிக்கு அல்ல. நிஜமாகவே கேட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். மறுமுனையில் நர்சம்மா, "சொல்லும்மா, என்ன ஆச்சு?" என்று கேட்கும்போதும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

போனை அவன் காதில் வைத்தாள்.

"நர்சம்மா" என்றான் அவன். "என்னய நனைச்சிட்டாம்மா. முழுசா நனைச்சிட்டா."