தின்னர் அறைக்கு ஒரு விளக்கு

அம்பத்தூர் பெயின்ட் கம்பெனியின் தின்னர் அறையில் இன்ஜினியர் ஷோபனா இரண்டு விளக்குகளை மேசைமேல் வைத்துப் பார்க்கிறாள். தின்னர் வாடை தொண்டையில் இனிப்பாய்ப் படிகிறது. "ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது மேடம்," என்கிறார் எலக்ட்ரீஷியன் அமல்ராஜ். "இது மழைக்குத்தான் தாங்கும் அண்ணா. உள்ள ஒரு பொறி கெளம்புனா வெளிய விட்ரும், தின்னர் ஆவி பத்திக்கும். கனமா இருக்கே, அது விடாது." அவர் கனமானதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். கதவுக் கண்ணாடிக்கு வெளியே, இந்த அறைக்குள் வரக் கூடாத செல்பேசிகள் கிடக்கும் பலகையில், அவளுடையது ஒளிர்கிறது. சத்தம் எட்டவில்லை, அதிர்வில் மெல்ல நகர்வது மட்டும் தெரிகிறது. கப்பல் கரை தொடும் நாளில்தான் அதில் வேலை பார்க்கும் அவள் கணவன் கௌதம் கூப்பிடுவான், ஏதோ ஒரு துறைமுகத்து எண்ணிலிருந்து. திருப்பிக் கூப்பிட முடியாது. "போய் பேசிட்டு வா மேடம், மூடிய நான் முறுக்கிக்கிறேன்." அவள் கால் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. மேலே விளக்கு மூடியில் ஒரு போல்ட் தளர்ந்து ஆடுகிறது. ஒன்று தளர்ந்தாலும் பொறி வெளியேறிவிடும், அத்தனை கனமும் வீண். "முறுக்குங்கண்ணா, பாத்துட்டே போறேன்." ஸ்பேனர் நிதானமாகச் சுற்றுகிறது. கடைசி போல்ட்டும் இறுகுகிறது. சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க வெளிச்சம். வெளியே பலகையில் எல்லாச் செல்பேசிகளும் ஒரே மாதிரி இருண்டு கிடக்கின்றன.