பாடசாலை பார்க்க வந்தவர்

வந்தவர் முதலில் பார்த்தது வகுப்பறைகளை அல்ல, மதிலை.

கல்லடியில் வாவிக்கரையோரமாக இருந்த புளூ ஹெரன் அமெரிக்கன் இன்டர்நஷனல் ஸ்கூலில் கஜானி ஒபீஸ் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். இதற்குள் எத்தனையோ பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எல்லோரும் ஏசி இருக்கிறதா, வெள்ளைக்கார டீச்சர் இருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள். மதிலின் உயரத்தை நாடா வைத்து அளந்த ஆள் இவர்தான்.

பெயர் சிவதர்ஷன் என்றார். கொழும்பில் ஒரு கம்பனியாம். காற்றாலை வேலைக்காக மட்டக்களப்புக்கு வரப்போகும் பன்னிரண்டு வெளிநாட்டுக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்க்கலாம் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலையாம்.

அந்தப் பன்னிரண்டு குடும்பங்களை நம்பித்தான் பாடசாலையே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இருநூறு பிள்ளைகளுக்குக் கட்டிய கட்டடத்தில் பதினேழு பேர் அமெரிக்கப் பாடத்திட்டம் படித்தார்கள். ஏப்ரல் வெயிலில் வியர்க்க வியர்க்கப் பனிமனிதன் படம் கீறினார்கள். பதினேழாவது பிள்ளை கஜானியின் மகள். ஊழியரின் பிள்ளை என்று கட்டணமில்லாமல் சேர்த்திருந்தார் பாடசாலை அதிபர்.

அதிபர் அழகரத்தினம் அமெரிக்காவில் டொக்டர் பட்டம் வாங்கியவர். தன்னை 'டொக்டர் அல்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். வந்தவருக்குக் கைகொடுத்துவிட்டுக் காலை பத்து மணிக்கே அறைக்குள் போய்விட்டார். அமெரிக்காவுடன் வீடியோவில் ஒரு கூட்டமாம், ஒருவரும் கதவைத் தட்டக்கூடாதாம். சுற்றிக் காட்டும் பொறுப்பு கஜானியின் தலையில் விழுந்தது.

சுற்றச் சுற்ற அவளுக்குச் சந்தேகம் கூடியது. பின் கேற்றுக்கு எத்தனை பூட்டு என்று கேட்டார் அந்த மனிதர். காவலாளி யோசேப் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார், லப்டொப்புகள் எந்த அறையில் இருக்கின்றன, இரவில் பூட்டுகளின் திறப்பு யாரிடம் இருக்கும் என்றெல்லாம் கேட்டார். கமராக்களை எண்ணி, அதில் இரண்டு வேலை செய்யவில்லை என்பதை அவராகவே கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார். ஆசிரியர்களின் சான்றிதழ்களுக்கும் பிரதி கேட்டார். பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்கும் பதிலை முழுதாகக் கேட்கவில்லை.

போன மாதம்தான் ஆரையம்பதியில் ஒரு ரியூசன் வகுப்பில் பதினொரு லப்டொப்புகள் களவுபோயிருந்தன. அதற்கு இரண்டு நாள் முன்பு யாரோ ஒருவர் பிள்ளையைச் சேர்க்க வந்தவர் மாதிரி வந்து, இடமெல்லாம் பார்த்துவிட்டுப் போனாராம்.

கடைசியில் சிவதர்ஷன் கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "ஒரு அவசரமெண்டா, இங்க பொலிஸ் வர எத்தின நிமிசம் ஆகும் மிஸ்?"

"பாத்துச் சொல்றன் சேர்" என்றாள் கஜானி.

தேத்தண்ணி போடும் சாட்டில் குசினிக்குள் போய்ப் பொலிசுக்குப் போன் எடுத்தாள். அதிபரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம்தான். ஆனால் கதவைத் தட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே.

"சேர், களவெடுக்கிறதுக்கு இடம் பாக்க ஒராள் வந்திரிக்காரு. எங்கட ஒபீசிலதான் இரிக்காரு. நான் தேத்தண்ணி குடுத்து இருத்தி வைக்கன். சத்தமில்லாம வாங்க."

சத்தமில்லாமல் வரச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பொலிஸ் சரியாகச் செய்தது. ஒன்பதாவது நிமிடம் சைரன் அலற ஜீப் முற்றத்தில் வந்து நின்றது. சிவதர்ஷன் மணிக்கூட்டைப் பார்த்து, 'ஒன்பது' என்று தன் தாளில் குறித்துக்கொண்டார்.

சார்ஜன்ட் ஆதம்பாவா அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், கொழும்புக் கம்பனிக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெல்லக் கஜானியின் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரியாத்தானே மிஸ் இரிக்கி. இவரு சொன்ன வேலைக்குத்தான் வந்திரிக்காரு."

கஜானிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு குடும்பங்களும் போயின. மகளின் படிப்பும் போயிற்று. தன் வேலை இன்று பின்னேரம் வரைக்கும் கூடத் தங்காது.

சிவதர்ஷனோ கோபிக்கவில்லை, சிரித்தார். பதினான்கு பாடசாலைகளில் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறாராம். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாடத்தை விடப் பிள்ளையின் பாதுகாப்புத்தான் முக்கியமாம். கேட்ட எல்லாவற்றுக்கும் எங்கேயும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார்களே தவிர, ஒருவராவது அவரைச் சந்தேகப்படவில்லையாம்.

"உங்களுக்கு முழுப் புள்ளி போட்டிருக்கன் மிஸ்" என்றார். "இனி ஒண்டே ஒண்டுதான் மிச்சம். உங்கட அதிபர் படிச்சதாச் சொல்ற யூனிவர்சிட்டிக்கு எழுதிக் கேட்டம். அப்பிடி ஒராள் அங்க படிக்கவே இல்லையாம். பேரில ஏதும் பிழை இருக்கும். அவரிட்டயே கேட்டுத் திருத்திட்டாச் சரி."

சார்ஜன்டும் கூடவே வர, கஜானி போய் அந்தக் கதவைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். தள்ளித் திறந்தாள்.

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. வாவிப் பக்கத்து ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால், இடுப்பளவு தண்ணீரில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, இறால் பிடிக்கப் போன தோணி ஒன்றைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார் டொக்டர் அல்.

ஜீப் யாரைப் பிடிக்க வந்தது என்று பாவம், அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.