நீட்டிய கை

"வீட்டுல யாரு கை சும்மா இருக்கு?" என்று ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கேட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு, தன் வலது கை எங்கே இருக்கிறது என்றே அம்மாவுக்குத் தெரியவில்லை. ரத்த சொந்தம் ஒருவரின் அசைவைப் பதிந்துகொண்டுதான் ரோபோ அந்தக் கையைப் பழக்குமாம். அண்ணன் கடலில் இருந்தான். பள்ளிக்கூடம் நின்று வீட்டில் கிடந்த நான் என் கையைக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம், அம்மா கண்ணை மூடிக்கொண்டே கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று, ரோபோ பதிந்திருந்த என் அளவுப்படி, சரியாகச் சொன்னாள்.

இன்று காசிமேட்டில் மறுபடி மீன்கடை போட்டோம். வாடிக்கைக்கார ரெஜினா டீச்சர் வந்து பையை விரித்தார்.

"இந்தா டீச்சர், வஞ்சிரம்! மோந்து பாரு!"

விற்கும்போது அம்மா மீனைப் பார்க்க மாட்டாள், ஆள் முகத்தைத்தான் பார்ப்பாள். முன்பு மீன் மூக்கு வரைக்கும் போகும். இப்போது அவள் கை, பிறர் எதிரே கூச்சத்தில் என் கை நிற்பதுபோல, நெஞ்சோடு ஒட்டி நின்றது.

"நீட்டும்மா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"நீட்டிக்கினுதான்டி கீறேன்! எவ்ளோ நேரம் டீச்சர்? வாங்கேன்!"

டீச்சர் அம்மாவின் நெஞ்சில் அழுந்தியிருந்த மீனையே பார்த்தார். தர மனசில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.