கை கூப்பாத சம்பந்தி

பெண் பார்க்க வந்தவர்களைப் பெண்ணின் அப்பா கை கூப்பி வரவேற்கவில்லை.

“வாங்க மைனி, வாங்க தம்பி” என்று வாய்தான் கூப்பிட்டது. கைகளை மார்போடு கட்டி, மேலே துண்டைப் போர்த்தியிருந்தார் தேவமணி.

காலை பஸ்ஸில் மகனோடு நாசரேத்திலிருந்து வந்திறங்கிய ஞானபாக்கியத்துக்குச் சுருக்கென்றது. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிற மனிதர். தாயில்லாத பெண்ணை வேறு கரையேற்ற வேண்டும். அவருக்கு இத்தனை மிதப்பா?

வாங்கி வந்த பழப்பையை நீட்டினாள். அதற்கும் கை வரவில்லை.

“ஏளா கிருபை, வாங்கி உள்ள வை.”

கிருபை வந்து வாங்கிக்கொண்டாள். காபி கொண்டுவந்து வைத்தாள். பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மகன் சத்தியராஜுக்கு அதற்குள் எல்லாப் பல்லும் தெரிந்தது.

“நீங்க காபி குடிக்கலையா அண்ணாச்சி?”

“பெறவு குடிக்கேன் மைனி.”

சேர்ந்து காபி குடிக்கக்கூட ஆகாதோ! ஞானபாக்கியம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

சத்தியராஜ் இதையெல்லாம் கவனித்தால்தானே? அவன் படித்தது பி.எஸ்ஸி. பிசிக்ஸ். பார்ப்பது துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை எண்ணும் வேலை. பிசிக்ஸ் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டான். முந்தாநாள் நடந்ததற்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

“முந்தாநாள் நான் செத்திருக்கணும் மாமா!”

பேச்சு முடிவாவதற்குள் மாமாவாம். ஞானபாக்கியம் முறைத்தாள்.

“தோணியிலருந்து பத்து மூட்டை சிமெண்ட் கப்பியில மேல வருது. நான் கீழ நின்னு எண்ணுதேன். இழுத்தவங்க கையிலருந்து கயிறு நழுவிட்டு. அரை டன் மாமா! நேரா என் தலைக்கு வருது.”

தேவமணி துண்டுக்குள் கைகளை இன்னும் ஒடுக்கிக்கொண்டார்.

“ஓடுற கயித்தை யாரோ எட்டிப் பிடிச்சு, கரையில நிக்கிற மரத்தூண்ல ரெண்டு சுத்து சுத்திட்டாங்க. கயிறு உரசிக்கிட்டே ஓடுது. புகையா வருது. மூட்டை மெதுவாகி, மெதுவாகி, என் தலைக்கு மேல ஒரு முழத்துல நின்னுட்டு!”

இரண்டு நாளில் எட்டாவது தடவையாகக் கேட்கிறாள். ஆனாலும் ஞானபாக்கியத்துக்குக் கண் கலங்கியது.

“அவ்வளவு வேகமும் எங்க போச்சு மாமா? அழிஞ்சு போச்சா? அழியாது. இந்த உலகத்துல ஒரு பொட்டு சக்தி அழியாது. உரசல் அதை அப்படியே சூடா மாத்திருது. ஓடிப்போய்த் தூணைத் தொட்டேன். கயிறு சுத்துன இடம் கருகிக் கொதிக்குது. என்னைக் கொல்ல வந்தது அந்தத் தூணுக்குள்ள போய் உக்காந்திருக்கு! உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கோயில்லகூட நான் அப்படி நின்னதில்ல.”

சொல்லும்போதே அவன் கைமயிர் சிலிர்த்து நின்றது.

“கயித்தைப் பிடிச்சது யாரு?”

கேட்டது கிருபை. பெண் பார்க்கும் இடத்தில் பெண் கேள்வி கேட்கிறாள்!

“யாரோ… லேபர்தான். நான் தூணையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.”

“பேருகூடக் கேக்கலையா?”

“ஏளா, உள்ள போ!” தேவமணியின் குரல் உயர்ந்தது.

ஞானபாக்கியம் எழுந்துவிட்டாள்.

“ஏலே, எந்தி. வந்தவங்களைக் கையெடுத்துக் கும்பிடக் கவுரவம் பாக்குற வீடு நமக்குச் சரிப்படாது.”

சத்தியராஜுக்கு முகம் தொங்கிப்போனது. கிருபை உள்ளே போகவில்லை. அப்பாவிடம் வந்து, அவர் தடுக்கத் தடுக்கத் துண்டை உருவினாள்.

இரண்டு உள்ளங்கைகளிலும் துணிக்கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் தோல் உரிந்து, கயிற்றின் முறுக்கு வரி வரியாகப் பதிந்திருந்தது.

“இந்தக் கையால எப்படிம்மா கும்பிடுவாவ?” என்றாள் கிருபை.

சத்தியராஜ் அந்த வரிகளையே பார்த்தான். அத்தனை சக்தியும் தூணுக்குள் மட்டும் போகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“என் மகன்னு தெரிஞ்சா பிடிச்சீங்க அண்ணாச்சி?” ஞானபாக்கியம் அவர் அருகில் வந்தாள்.

“அதையெல்லாம் பாக்க நேரமேது மைனி? மூட்டை நின்ன பெறவுதான் ஆளைப் பாத்தேன். நீங்க குடுத்துவிட்ட போட்டோவுல இருந்த மூஞ்சி.”

“இதை ஏன் அண்ணாச்சி மறைச்சீங்க? என் பிள்ளைக்கு உசுரு குடுத்த கையாச்சே! இனி யோசிக்க என்ன இருக்கு? கிருபை எங்க வீட்டுப் பொண்ணு. இப்பவே நாள் குறிச்சிருவோம்.”

“இதுக்குத்தான் மைனி மறைச்சேன்” என்றார் தேவமணி.

“எம் பொண்ணு மூஞ்சியைப் பாத்து நீங்க சரின்னு சொல்லணும், எங் கையைப் பாத்து இல்ல. இது ஆற இருபது நாளாவும். ஆறட்டும். பெறவு ஒரு நாள் வாங்க. அன்னைக்கும் உங்களுக்கு இவளைப் பிடிச்சிருந்து, இவளுக்கும் தம்பியைப் பிடிச்சிருந்தா, பேசுவோம்.”